எர்த் அடித்தது மோட்டாரில் இல்லை

குடியாத்தத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடத் தொழில். விசைத்தறி மோட்டார், கிணற்று மோட்டார், மிக்ஸி, ஃபேன், எது வந்தாலும் பிரித்துக் கட்டித் தருவேன். 2023 மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் கடையில் நின்றுகொண்டிருந்தபோது இரண்டு பாதத்திலும் சுர்ரென்று ஏறியது. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான், எங்கேயோ பாடியில் எர்த் அடிக்கிறது. மேஜை மேல் கிடந்த மோட்டாரில் டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை. ஷட்டரில் வைத்தேன், இரும்பு அலமாரியில் வைத்தேன், எதிலும் இல்லை. மெயினையே இறக்கிவிட்டு நின்று பார்த்தேன். அப்போதும் சுர்ரென்றது. நீங்கள் சிரிப்பீர்கள், அன்று மத்தியானம் வரை எர்த் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கோளாறு கரண்டில் இல்லை, என் நரம்பில். உடம்பின் காவல்படையே நரம்பைத் தாக்குகிற கில்லன் பாரே என்ற நோய் அன்று தொடங்கியிருந்தது.

வீட்டில் அம்மாவும் நானும்தான். பள்ளி லீவு என்று மனைவி பிள்ளைகளோடு போளூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பதினைந்து நாளைக்கு முன்னால்தான் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் வாங்கிச் சாப்பிட்ட கோழிக் கறியோ, குடித்த தண்ணீரோ, மூன்று நாள் வயிற்றுப்போக்கு. மாத்திரை போட்டேன், நின்றுவிட்டது, மறந்துவிட்டேன். அந்த வயிற்றுப்போக்கையும் பாதத்து சுர்ரையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மட்டுமில்லை, அடுத்த ஐந்து நாளில் நான் போய் நின்ற யாருக்கும் தோன்றவில்லை. ஒருவராவது "போன மாசம் பேதி ஆச்சா, ஜுரம் வந்துச்சா" என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி, நானாவது சொல்லியிருக்கலாம். அதனால்தான் இப்போது யார் கை கால் மரத்துப் போகிறது என்று சொன்னாலும், டாக்டரிடம் உட்கார்ந்ததும் முந்தைய ஒரு மாதத்துக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

அந்த ஐந்து நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள். இரண்டாம் நாள் தெருமுனை கிளினிக்கில் வைட்டமின் ஊசி, 450 ரூபாய். மூன்றாம் நாள் மாடிப்படி ஏறும்போது தொடை கனத்தது. வேலூருக்கு பஸ் ஏறி ஒரு பரிசோதனை மையத்தில் நரம்பு ஓட்டச் சோதனை எடுத்தேன், 2,800. "நார்மல்" என்று தாளில் வந்தது. அதைப் பார்த்தவர், "நரம்பு நல்லாத்தான் கீதுபா, கடை டென்ஷனா இருக்கும், நல்லா தூங்கு" என்று அனுப்பிவிட்டார். நான்காம் நாள் யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டேன், 1,200. ஐந்தாம் நாள் முதுகு எம்.ஆர்.ஐ., 6,500. அதில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக வந்தது. நாற்பது வயதுக்காரர்கள் பலரைப் படுக்கவைத்துப் படம் பிடித்தால் அப்படி ஏதாவது தெரியும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கார் வாடகை 1,800. ஆகமொத்தம் 12,750 ரூபாய், ஐந்து நாள். பணத்தைவிட அந்த ஐந்து நாள்தான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அந்த "நார்மல்" தாளைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷின் தப்பாகக் காட்டவில்லை. இந்த நோயில் முதல் வாரத்தில் அந்தச் சோதனை சரியாகவே வரலாம். முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்ப்பதும் அப்படித்தான், அதில் புரதம் கூடுவதற்கே சில நாள் ஆகும். ஆகவே தாளில் நார்மல் என்று இருந்து, கால் மட்டும் நாளுக்கு நாள் மோசமானால், தாளை நம்பாதீர்கள், காலை நம்புங்கள். டிஸ்க் கோளாறென்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் இழுக்கும், இடுப்பிலிருந்து கீழே வலி ஓடும். எனக்கு இரண்டு காலும் ஒரே அளவில், பாதத்தில் ஆரம்பித்து முழங்கால், தொடை என்று கிணற்றில் தண்ணீர் ஊறுகிற மாதிரி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

ஆறாம் நாள் விடியற்காலை கக்கூஸில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. அம்மா வந்து தூக்கிப் பார்த்தார். அறுபத்தெட்டு வயது, அவரால் எப்படி முடியும்? "இன்னா நைனா ஆச்சு உனக்கு" என்று அவர் அழ, நானும் அழுதேன். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து கதவைக் கழற்றித்தான் என்னை வெளியே எடுத்தான். 108 வண்டியில் பள்ளிகொண்டா வழியாக வேலூர் போய்ச் சேர்ந்தபோது கை விரலும் பிடிமானம் விட்டிருந்தது. மனைவிக்கு அப்போதுதான் போன் போட்டேன். பயமுறுத்த வேண்டாம் என்று ஆறு நாள் மறைத்ததற்கு அவள் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டர் வந்தார். முட்டியில் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. கணுக்காலில் தட்டினார், அதுவும் இல்லை. பிறகு மூன்று கேள்வி கேட்டார். அப்போது ஒன்றும் புரியவில்லை, கோபம்தான் வந்தது. முதல் கேள்வி, "தரையில படுப்பீங்களா? ராத்திரி ஏதாவது கடிச்ச மாதிரி இருந்துச்சா?" இரண்டாவது, அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, "அண்ணே, வீட்ல ஏதாவது சண்டையா? தழை கிழை அரைச்சுக் குடிச்சீங்களா?" மூன்றாவதுதான் அந்தப் பேதி. தழை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் ஒடுவந்தழை என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மனம் வெறுத்தவர்கள் அரைத்துக் குடிக்கிற இலை. என்னைப் பார்த்தா அப்படிக் கேட்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தப்பு. அந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். ஏன் என்று எனக்கு விளங்க மூன்று வாரம் ஆனது, அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் மின்சாரக்காரன். நரம்பில் கரண்ட் ஓடுகிறது என்று யாரோ எப்போதோ சொன்னதைக் கேட்டு, நரம்பென்றால் செம்புக் கம்பி, மூளை மெயின் போர்டு, தசை மோட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படுக்கையில் இருந்தபோது அந்த டாக்டரிடம் அப்படியே சொன்னேன். சிரித்துவிட்டு, "உங்க கம்பில எலக்ட்ரான் ஓடுது. இதுல எலக்ட்ரான் நீளவாட்டுல ஓடறதில்லண்ணே" என்றார். ஓய்ந்த நேரத்தில் வந்து துண்டு துண்டாகச் சொல்வார். மிச்சத்தைப் பிறகு பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகம் வாங்கிப் படித்தேன். நரம்பு செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். அதன் தோலில் ஒரு பம்ப் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், தூங்கும்போதும் நிற்காது. உள்ளே சேர்ந்த பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிவதால் உட்பக்கம் மைனஸ் ஆகிறது, ஏறக்குறைய 70 மில்லிவோல்ட். டார்ச் செல்லில் இருபதில் ஒரு பங்குதான். இதுவா பெரிய கரண்ட் என்று தோன்றும். ஆனால் அந்தத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஏழு பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட் வருகிறது. காற்றே முப்பதாயிரத்தில் பொறி அடித்துவிடும். நான் மோட்டார் ஸ்லாட்டுக்குள் இன்சுலேஷனுக்குச் சொருகுகிற எந்தத் தாளைவிடவும் நல்ல சரக்கு நம் உடம்பில் இருக்கிறது என்று அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தேன்.

சிக்னல் கிளம்புவது எப்படி? அந்த மைனஸ் 70 ஏதோ ஒரு தூண்டலில் மைனஸ் 55 பக்கம் வந்துவிட்டால், அந்த இடத்தில் சோடியத்துக்கான வாசல் படாரென்று திறக்கிறது. வெளியே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் சோடியம் உள்ளே பாய, உட்பக்கம் பிளஸ் 30, 40 வரைக்கும் போய்விடும். உடனே அந்த வாசல் மூடி, பொட்டாசியம் வெளியேறி, பழைய நிலைக்கு இறங்கும். எல்லாம் ஒன்றிரண்டு மில்லி நொடிக்குள். அந்தப் பக்கத்தில் நடந்த ஏற்றம் அடுத்த இடத்து வாசலை உசுப்பும், அது அதற்கடுத்ததை. திருவிழாவில் கொளுத்துகிற சரவெடி மாதிரி. முதல் வெடி பலமாகவும் கடைசி வெடி பிசுபிசுத்தும் போகாது, ஒவ்வொன்றும் முழுசாக வெடிக்கும். வெடித்த இடம் உடனே மறுபடி வெடிக்காது என்பதால் நெருப்பு முன்னால்தான் போகும், திரும்பி வராது. என் செம்புக் கம்பியில் நீளம் கூடக்கூட வோல்டேஜ் டிராப் ஆகும். நரம்பில் இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் டிராப்பே கிடையாது, ஏனென்றால் வழி முழுக்கப் புதிதாகப் பிறந்துகொண்டே போகிறது. இதை அளந்து கணக்காகச் சொன்னவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், 1952-இல். கணவாய் மீனின் நரம்பு நூல் மாதிரி தடியாக இருக்குமாம், அதற்குள் கம்பியை நுழைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1963-இல் நோபல் கிடைத்தது.

இப்போது அந்த மூன்று கேள்விக்கு வருகிறேன். ஒடுவந்தழை உள்ளே போனால் ரத்தத்தில் பொட்டாசியம் சரியும். பொட்டாசியம் கணக்குத் தவறினால் பேட்டரியே தவறிப்போகும், தசை அசையாது, இதயத் துடிப்பும் தடுமாறும். அதற்கு வைத்தியம் வேறு. கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, ஆனால் அதன் விஷம் நரம்பு முடிந்து தசையைத் தொடும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நரம்பு வரைக்கும் சிக்னல் வந்து வாசலில் நின்றுவிடும். அதற்கு வைத்தியம் வேறு. எனக்கு வந்தது மூன்றாவது. நரம்பைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை ஏறத்தாழ ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு இடைவெளி விட்டுச் சுற்றியிருக்கும். உறை இருப்பதால் சிக்னல் ஒவ்வொரு புள்ளியாக ஊராமல் இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகிறது. என் பேதிக்குக் காரணமான கிருமியை அடிக்கக் கிளம்பிய என் உடம்பின் காவல்படையே, அடையாளம் தவறி அந்த உறையைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. கில்லன் பாரே நோய், சுருக்கமாக ஜி.பி.எஸ். வருடத்துக்கு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வருவது. உறை போன இடத்தில் சிக்னல் வழியிலேயே கசிந்து, அடுத்த இடைவெளியை உசுப்பப் போதாமல் செத்துவிடும். சில இழையில் நின்றுபோகும், சில இழையில் தாமதமாகப் போகும். முட்டியைத் தட்டினால் கால் துள்ளுவதற்கு எல்லா இழையும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும், அதனால் அது முதலில் அடிபடுகிறது. காலில் எர்த் அடித்த மாதிரி இருந்ததற்குக் காரணம், புண்பட்ட இழைகள் யாரும் கேட்காமல் தானாக வெடித்தது. மூன்றிலும் ஆள் பார்க்க ஒரே மாதிரி துவண்டு கிடப்பான். கோளாறு எந்த இடத்தில் என்பதுதான் வேறு. மோட்டார் ஓடவில்லை என்று வருகிறவரிடம் ஃபியூஸ் பார்த்தீர்களா, கெபாசிட்டர் மாற்றினீர்களா என்று நானும்தானே கேட்கிறேன்.

அங்கே மறுபடி நரம்பு ஓட்டச் சோதனை செய்தார்கள். முழங்கையில் ஒரு ஷாக், மணிக்கட்டில் ஒரு ஷாக், கட்டைவிரல் தசை எவ்வளவு நேரம் கழித்துத் துடிக்கிறது என்று பார்ப்பது. வலிக்கும், ஆனால் தாங்கலாம். நடுவில் 230 மில்லிமீட்டர், என் கையில் ஆன நேரம் 8.2 மில்லி நொடி, அதாவது நொடிக்கு 28 மீட்டர். கையில் 50 மீட்டராவது இருக்க வேண்டுமாம். 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன்காரர் தவளைக் காலில் முதல்முதலாக இந்த வேகத்தை அளந்தபோது வந்தது சுமார் 27. நான் தவளைக் கணக்குக்கு வந்திருந்தேன்.

மூச்சுதான் பயம். இந்த நோயில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு மூச்சு மெஷின் தேவைப்படும். விலாத் தசைக்கும் உதரவிதானத்துக்கும் போகிற நரம்பும் நரம்புதானே. நர்ஸ் அக்கா நாலு மணிக்கு ஒருதரம் வந்து, "மூச்சை இழுத்து வச்சிக்கினு ஒரே மூச்சில எண்ணு தம்பி" என்பார். வந்த அன்று 28 வரை எண்ணினேன். மறுநாள் காலை 19. சாயங்காலம் 13. ஐ.சி.யு.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே ஆறு நாள், ஒன்பது வரை இறங்கிப் பின் ஏறியது, மெஷின் வைக்காமல் தப்பினேன். ஒரு கொசு வந்து மூக்கில் உட்கார்ந்தது, கையைத் தூக்க முடியவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். முகமும் இழுத்துவிட்டதால் கண்ணை மூட முடியாது, கண்ணீர் வழிய நான் அழுகிறேனா என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. அறிவு மட்டும் தெளிவாக இருக்கும். சுற்றி நிற்பவர்கள் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். கால்மாட்டில் நின்று "பொழைப்பானா" என்று பேசாதீர்கள், எல்லாம் கேட்கும். கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டு ராத்திரி ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்கிறார்களா என்று பாருங்கள். பிரஷர் திடீரென்று ஏறும், இறங்கும், அதுவும் நோயின் பாகம்தான். அந்த மூச்சு எண்ணிக்கையை வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம். கால் மரத்து ஏறிக்கொண்டு வருகிறவர் இருபதைத் தாண்ட முடியாமல் திணறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். திணறவில்லை என்றாலும் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும்.

இனி பணம். இதற்கு இரண்டு வைத்தியம். ஒன்று இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசி, உடல் எடைக்கு கிலோவுக்கு 2 கிராம், ஐந்து நாளில் ஏற்றுவார்கள். நான் 62 கிலோ, 124 கிராம், ஐந்து கிராம் பாட்டில் 25. பாட்டில் 9,200 என்று வாங்கினோம், 2,30,000 ரூபாய். இன்னொன்று ரத்தத்திலிருந்து பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றுவது, இரண்டு வாரத்தில் நாலைந்து முறை. இரண்டுக்கும் பலன் ஒன்றுதான் என்று ஆராய்ச்சி செய்து பார்த்துவிட்டார்கள், இரண்டையும் சேர்த்துச் செய்வதால் கூடுதல் லாபமில்லை. பல இடங்களில் பிளாஸ்மா மாற்றுக்குச் செலவு குறைவு. நாங்கள் கேட்கவே இல்லை. மச்சான் கையெழுத்துப் போட்டுவிட்டு நகையோடு அடகுக்கடைக்கு ஓடினார். உங்களுக்கு அந்த நிலை வந்தால், "பிளாஸ்மா மாற்று இங்கே செய்வீர்களா, எனக்கு அது ஆகுமா, எவ்வளவு" என்று ஒரு கேள்வி கேளுங்கள். எதுவானாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்லது. ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், இந்த நோய்க்கு அது பலன் தருவதில்லை. ஐ.சி.யு., மற்ற செலவு 1,40,000. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டு பீரோவில் புடவைக்கடியில் பத்திரமாக இருந்தது! வருட வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு அப்போது 5 லட்சம் வரை உண்டு. அந்த ஆஸ்பத்திரியில், அந்த வைத்தியத்துக்கு அது செல்லுமா என்று சேரும் அன்றே கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா எடுத்துக் காட்டினார். வேலூர் பக்கத்து அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருப்பதும் அன்றைக்கு எங்கள் யார் புத்திக்கும் எட்டவில்லை.

இருபத்தாறாம் நாள் வீட்டுக்கு வந்தேன், சக்கர நாற்காலியில். பாட்டில் ஏற்றி முடித்ததும் எழுந்து நடப்பேன் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அது கடிப்பதை நிறுத்துகிறது, அவ்வளவுதான். உறையைத் திரும்பச் சுற்றுவது உடம்பின் வேலை. கையில் பலம் ஆறு வாரத்தில் திரும்பியது. இடது பாதம் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது, அங்கே உறையோடு உள்ளிருக்கும் ஆக்ஸான் இழையும் அறுந்திருக்கிறது என்றார்கள். அறுந்த இழை நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். முட்டிக்குக் கீழிருந்து பாதம் வரை அளந்து பார்த்தேன், 30 சென்டிமீட்டர், அப்படியானால் 300 நாள். நான் கட்டியிருந்தால் ஒரே நாளில் முடித்திருப்பேன் என்று பிசியோதெரபி தம்பியிடம் சொன்னேன். அவர் சொன்ன முக்கியமான விஷயம், வீம்புக்குச் செய்யாதே. காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம், அயர்ச்சி வந்தால் நிறுத்து. நான் ஒரு நாள் வீம்புக்குத் தெருமுனை வரை நடந்துவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். இன்னும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அசதி அடிக்கும், அதைச் சோம்பல் என்று நினைக்காத மனைவி கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

கடை ஐந்து மாதம் மூடிக் கிடந்தது, வாடகை மாதம் 4,500 கட்டிக்கொண்டே இருந்தேன். தறிக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, தறி நின்றால் அவர்கள் பிழைப்பு என்னாவது. திறந்த பிறகு முதலில் வந்தது ஒரு ஹெச்.பி. மோட்டார். வழக்கமாக ஒரு நாள் வேலை, நாலு நாள் ஆனது. மெல்லிய கம்பியை விரல் நுனியால் தடவியே எனாமல் உரிந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பவன் நான், அந்த உணர்வு இல்லாமல் கண்ணாடி போட்டு வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். 2025 ஜனவரியில் புனேயில் நிறைய பேருக்கு இதே நோய் என்று டிவியில் ஓடியபோது அம்மா சேனலை மாற்றிவிட்டார். அன்றைக்குத்தான் இதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. இப்போது விரல் வந்துவிட்டது, பாதமும் முக்கால்வாசி வந்துவிட்டது. அடகு வைத்ததில் செயினை மீட்டுவிட்டோம், இரண்டு வளையல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.